மதம்: பிறப்பா, தேர்வா?

(சாலையில் நடந்த சபைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற விடுமுறைக்கு என் பேத்தி வந்திருந்தாள். கல்லூரியில் பௌதிகம் படிக்கிறாள். ஒரு நாள் காலை நான் சந்தியாவந்தனம் முடித்து எழுந்ததும் கேட்டாள்: "தாத்தா, வாட்ஸ்அப்பில வர்ற நாட்டு மருந்துக்கெல்லாம் ஆதாரம் எங்கேன்னு கேக்கறேள். மதத்துக்கு மட்டும் ஏன் கேக்கலை? எல்லா மதத்தையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பார்த்திருந்தா, நீங்க இதைத்தான் எடுத்துண்டிருப்பேளா?"

நானும் அந்தக் காலத்து பி.எஸ்ஸி. முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் ஃபைல்களில் ஆதாரம் கேட்டே காலம் தள்ளியவன். இருந்தும் அன்று பதில் வரவில்லை. "காப்பி ஆறிடும்" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதை இன்று உங்கள் முன் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் என் மதத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. வீட்டு விலாசம் போல அது எனக்கு வந்தது. நம்மில் அநேகமாக எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் இதே திருவிதாங்கூரில், நம் தாத்தாக்கள் காலத்தில், எந்த மதத்தில் இருப்பது என்று ஒரு சமுதாயமே உட்கார்ந்து யோசிக்க நேர்ந்தது. நமக்கு அந்தக் கேள்வி எழாததற்கு நம் பக்தி மட்டும் காரணமில்லை. நாம் வாசலுக்கு உள்ளே இருந்தோம். அவர்கள் வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள்.

1924 மார்ச் மாதம் ஸ்ரீ நாராயண குரு ஆலுவா அத்வைதாசிரமத்தில் சர்வமத சம்மேளனம் கூட்டினார். வாதாடி ஜெயிப்பதற்காக அல்ல, அறிந்துகொள்வதற்கும் அறிவிப்பதற்குமே கூடுகிறோம் என்பது அதன் நோக்கம். தலைமை வகித்தவர் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்த சர் டி. சதாசிவ ஐயர். நம்மவர் ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தார் என்பது நம் குழந்தைகளுக்குத் தெரிய வேண்டும். அதே மாதக் கடைசியில் வைக்கம் சத்தியாக்கிரகம் ஆரம்பித்தது. கேட்டது கோயிலைச் சுற்றியுள்ள வழியில் நடக்கும் உரிமையை மட்டுமே.

மறு வருஷம் காந்திஜி சிவகிரிக்கு வந்தார். மதம் மாறினால்தான் விடுதலை என்று சிலர் சொல்கிறார்களே என்று குருவிடம் கேட்டார். மாறியவர்களுக்குச் சுதந்திரம் கிடைப்பதைப் பார்க்கும்போது, ஜனங்கள் அப்படிச் சொல்வதைக் குறை கூற முடியாது என்ற கருத்தில் குரு பதில் சொன்னார். மோக்ஷத்துக்கு இந்து மதம் போதுமா என்று காந்திஜி கேட்டபோது, போதும். ஆனால் ஜனங்கள் விரும்புவது லௌகிக சுதந்திரத்தை என்றார். எனக்கு இது பெரிய பாடம். ஆன்மா ஒரு கேள்வி, தெருவில் நடப்பது வேறு கேள்வி. இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம்.

புத்தியை மட்டும் வைத்து எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்களா என்றால், அதுவும் இல்லை. கோழிக்கோட்டு வக்கீல் மிதவாதி சி. கிருஷ்ணன் பௌத்தத்தை ஏற்றார். மகாகவி குமாரன் ஆசான் மத மாற்றம் வேண்டாம் என்று அவருக்கு மறுப்பு எழுதினார். சகோதரன் அய்யப்பன் ஜாதியும் வேண்டாம், மதமும் வேண்டாம், தெய்வமும் வேண்டாம் என்ற இடத்துக்குப் போனார். மூவரும் படித்தவர்கள், மூவரும் குருவை மதித்தவர்கள். அனுபவித்த அவமானமும் ஒன்றே. வந்த விடைகள் மூன்று. அய்யப்பன் அவ்வளவு தூரம் போன பிறகும் குரு அவரைத் தள்ளிவைக்கவில்லை.

1935-இல் டாக்டர் அம்பேத்கர், இந்துவாகப் பிறந்தாலும் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று யேவலாவில் அறிவித்தார். இங்கேயும் மத மாற்றப் பேச்சு வலுத்தது. 1936 நவம்பர் 12 அன்று ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா க்ஷேத்திரப் பிரவேச விளம்பரம் வெளியிட்டார். அப்போது திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர்.

என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்று அக்கிரகாரத்தில் சில பெரியவர்கள், இனி ஸ்வாமிக்குச் சாந்நித்தியம் போய்விடும், மழை பெய்யாது என்று பயந்தார்களாம். விஞ்ஞானம் படித்தவன் பாஷையில் சொன்னால், இது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. சோதனையும் தானாகவே நடந்தது. திருவிதாங்கூரில் கோயில்கள் திறந்தன. குருவாயூர் 1947-இல்தான் திறந்தது. நடுவில் பத்து வருஷத்துக்கு மேல் ஒரு பக்கம் திறந்த வாசல், ஒரு பக்கம் மூடிய வாசல். இங்கே இடவப்பாதி தவறிப்போய்விடவில்லை. பத்மநாப ஸ்வாமிக்கு ஒரு குறையும் வரவில்லை. நம்பிக்கை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்ததில் ஒரு பகுதி வெறும் பயம், இன்னொரு பகுதி சௌகரியம்.

அப்படியானால் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டியதுதானா? நான் விடும் அர்க்கிய ஜலம் வஜ்ராயுதமாகி, சூரியனை மறிக்கும் மந்தேஹ அசுரர்களை விரட்டுவதாகச் சொல்வார்கள். சூரியனை யாரும் மறிக்கவில்லை, பூமிதான் சுற்றுகிறது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் தினமும் அர்க்கியம் விடுகிறேன். கோபமும் பேராசையும் கொஞ்சம் அடங்கி நாளை ஆரம்பிக்க அது உதவுகிறது. இது என் அனுபவம். இதற்கு மேல் நான் உரிமை கொண்டாடவில்லை.

ஆக, நான் கண்ட கணக்கு இதுதான். உலகம் எப்படி இயங்குகிறது என்று மதம் சொன்னால், புத்தி சோதிக்கட்டும். இன்னொருவனைத் தாழ்த்தச் சொன்னால், சோதனையே வேண்டாம், நிராகரிக்கலாம். எப்படி வாழ்வது, துக்கத்தை எப்படித் தாங்குவது என்று சொன்னால், வாழ்ந்துதான் பார்க்க வேண்டும். எல்லா மதங்களுக்கும் இதே அளவுகோல்தான். நம்முடையதற்குச் சலுகை கிடையாது.

பேத்தி கேட்டதற்கு என் பதில்: இதைத்தான் எடுத்திருப்பேனா என்று சத்தியம் செய்ய முடியாது. வந்ததை, இந்த வயதில், பழுது பார்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் எல்லாவற்றையும் படித்துப் பார்த்து வேறொன்றைத் தேர்ந்தெடுத்தாலும், ஒன்றுமே வேண்டாம் என்றாலும், மனசுக்கு வருத்தமாகத்தான் இருக்கும். அதை மறைக்க மாட்டேன். ஆனால் என் வாசல் அவளுக்கு மூடாது. வாசலை மூடி நாம் எதைக் காப்பாற்றினோம் என்று நம் ஊர்ச் சரித்திரம் காட்டிவிட்டது.

உங்கள் வீட்டுக் குழந்தைகளும் கேட்பார்கள். அதட்டாதீர்கள். என்னைப் போல் காப்பியைச் சாக்குச் சொல்லி எழுந்தும் போகாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள்.