கறை கீழே, கசிவு மேலே

பொதட்டூர்பேட்டைத் தெருக்களில் நடந்தால் பேச்சுச் சத்தத்துக்கு முன்னால் தறிச் சத்தம் காதில் விழும். ஓடுகிற தறியில் ஒரு சொட்டு எண்ணெய் துணிமேல் விழுந்தால் என்ன ஆகும் என்று அங்கே சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். நல்ல லுங்கி ‘செகண்ட்ஸ்’ ஆகிவிடும், விலை இறங்கிவிடும். அப்போது தறிக்காரர் துணியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். தறியை நிறுத்திவிட்டு, எங்கிருந்து சொட்டுகிறது என்று நிமிர்ந்து பார்ப்பார். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, என் மோட்டார் சைக்கிள் ஆயில் ஒழுகியபோது ஒரு மாதம் நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னுடையது பழைய புல்லட் 350. வார்ப்பிரும்பு இன்ஜின் வண்டி. மெட்ராஸ் மோட்டார்ஸ்காரர்கள் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனியோடு கைகோத்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். புல்லட் ஆலை எழுந்தது திருவொற்றியூரில். 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்கிறவரை திருவொற்றியூர் நம் திருவள்ளூர் மாவட்டத்து நகராட்சிதான். ஆகவே புல்லட் நமக்கு ஒருவகையில் சொந்தக்கார வண்டி. சொந்தக்காரரின் குறை நமக்குத் தெரியாதா? ஒழுகாத புல்லட் என்றால் அதில் ஆயிலே இல்லை என்று கேலி செய்வார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிக்காது. ஒழுகுவது வண்டியின் குணம் என்று சொல்லிச் சொல்லியே, சரிசெய்யக்கூடியதையும் சரிசெய்யாமல் விட்டுவிடுகிறோம்.

இந்த இன்ஜின் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். ஆயிலுக்குத் தனியாக வெளியே தொட்டி கிடையாது. கிராங்க் கேஸுக்குள்ளேயே ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கிருந்து பம்பு ஆயிலை எடுத்து இன்ஜினைச் சுற்றவிடுகிறது. இன்ஜின் உச்சியில் வால்வுகளை அமுக்கித் திறக்கிற ராக்கர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஆயில் போகிற வழி இன்ஜினுக்கு வெளியே இருக்கிறது. கீழேயிருந்து ஒரு மெல்லிய குழாய் சிலிண்டரை ஒட்டி ஏறி, இரண்டாகப் பிரிந்து, இரண்டு ராக்கர் பெட்டிகளுக்கும் போகிறது. சில வண்டிகளில் அது உலோகக் குழாய், சிலவற்றில் வளைகிற ஓஸ். அது பொருந்துகிற இடங்களில் நடுவே துளையுள்ள போல்ட் இருக்கும். பேஞ்சோ போல்ட் என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். அதன் தலைக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு வாஷர், குழாய்க்கும் இன்ஜினுக்கும் நடுவே இன்னொரு வாஷர்.

என் வண்டியில் அந்த ஓஸ் முழுக்க ஈரமாக இருந்தது. ஓஸ் போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, புதியது வாங்கிவந்து மாட்டினேன். இரண்டே நாளில் தரையில் மறுபடியும் அதே வட்டம். பிறகுதான் எங்கள் பக்கத்து மெக்கானிக் அண்ணனிடம் போனேன். வண்டி முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தவர், நான் தரையைக் காட்டக் காட்ட, சிரித்தார்.

“தம்பி, கீழயே பாத்துனு கீறியே. மேல பாரு.”

அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. டீசலும் பிரஷ்ஷும் எடுத்து இன்ஜினைத் தேய்த்துக் கழுவினார். துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டார். பிறகு வீட்டுக்குள்ளிருந்து முகப்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து, சந்தேகப்பட்ட இடங்களிலெல்லாம் தூவினார். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் புறப்படுகிற மாதிரி நின்றது வண்டி. “பள்ளிப்பட்டு ரோட்டுல ஒரு அஞ்சு கிலோமீட்டர் போய்ட்டு வா” என்றார். திரும்பி வந்து பார்த்தால் ஓஸின் மேல் பவுடர் அப்படியே வெள்ளையாக இருக்கிறது. உச்சியில் ஒரு பேஞ்சோ போல்ட்டைச் சுற்றி மட்டும் பவுடர் கருத்துச் சேறாகியிருந்தது. அங்கிருந்து கசிந்த ஆயில்தான் ஓஸ் வழியாக வழிந்து இறங்கி, அதன்மேல் பழி போட்டிருக்கிறது. தேய்ந்த வாஷர், அவ்வளவுதான். ஓஸ் விலையில் நூறு வாஷர் வாங்கியிருக்கலாம்.

ஆயில் கீழே இறங்கும். ஓடுகிற வண்டியில் காற்று அதைப் பின்னாலும் தள்ளும். ஆகையால் ஈரம் எங்கே மிக மேலே, மிக முன்னே தொடங்குகிறதோ அங்கேதான் நோய் இருக்கிறது. சொட்டுகிற இடம் வெறும் கடைசி நிறுத்தம்.

பழைய புல்லட்டில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. பல நாள் நிறுத்திவைத்தால், அறையில் இருக்கவேண்டிய ஆயில் மெல்ல கிராங்க் பக்கம் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் அளவு குறைவாகத் தெரியும். உடனே ஆயில் ஊற்றுவோம். இன்ஜின் ஓடியதும் இறங்கிய ஆயில் அறைக்குத் திரும்பும், அளவு மிஞ்சும், மிஞ்சியது இன்ஜின் மூச்சுவிடுகிற பிரீதர் குழாய் வழியாக வெளியே வரும். நாம் ஓஸில் ஓட்டை என்போம். இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்திய பிறகுதான் இந்த வண்டியில் அளவு பார்க்கவேண்டும்.

வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிகளில் வெளியே ஆயில் ஓஸே கிடையாது. அடியில் ஆயில் இருந்தால் டிரெயின் போல்ட், கியர் லீவர் சீல், கேஸ்கட் இவற்றைப் பாருங்கள். பல்சர் 220, 2016இல் வந்த ஹிமாலயன் 411 போன்றவற்றில் ஆயில் கூலர் உண்டு. அதற்கு ஆயில் போக ஒன்று, வர ஒன்று என ஓஸ்கள் இருக்கும். அவை கசிந்தால் விளையாட்டில்லை. ஆயில் பின் டயருக்குப் போய்விட்டால் வளைவில் வண்டி நிற்காது.

சரி, உங்கள் வண்டியில் பவுடர் சோதனை செய்து ஓஸ்தான் குற்றவாளி என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கையால் தொட்டாலும் தெரியும். கெட்ட ஓஸ் விறைத்துப்போய், வளைத்தால் மேல்தோலில் வெடிப்பு காட்டும். அல்லது நொளநொளவென்று ஊதியிருக்கும். ஃபிரேமில் உரசி ஓரிடம் தேய்ந்திருக்கும். இதில் எது இருந்தாலும் மாற்றவேண்டியதுதான். டேப் சுற்றுவது, எம்சீல் வைப்பது எல்லாம் வேண்டாம். சூடான ஆயிலுக்கு முன்னால் அவை ஒரு நாள் தாங்கினால் பெரிது.

பெட்ரோல் டியூபை வெட்டி மாட்டுவதும் ஆகாது. ஓடுகிற இன்ஜினில் ஆயில் நூறு டிகிரியைத் தாண்டிச் சுடும். பெட்ரோலுக்குச் செய்த டியூப் அந்தச் சூட்டில் இளகி, கிளிப்பை விட்டு நழுவும். உங்கள் மாடலுக்கு உரிய ஓஸையே கேட்டு வாங்குங்கள். கூடவே புது வாஷர்களும். செம்பு வாஷர் ஒருமுறை நசுங்கினால் இறுகிப்போகும். புதியது கிடைக்காத இடத்தில் அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும். பத்தர்களுக்குத் தெரிந்த வித்தைதான்.

இன்ஜின் ஆறியபிறகு கழற்றுங்கள். கீழே ஒரு பழைய தட்டு. போல்ட் சுற்றிலும் அழுக்கைத் துடைத்துவிட்டுத் திறந்தால் மண் உள்ளே போகாது. பழைய ஓஸ் எந்த வழியாகப் போயிருந்தது என்பதை முதலில் போனில் படம் எடுத்துவைப்பது நல்லது. புதியதை மாட்டும்போது சைலன்சரைத் தொடாமல், ஃபிரேமில் உரசாமல், ஹேண்டில் திருப்பினால் இழுபடாமல் இருக்கவேண்டும். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் சுற்றி, பிறகு ஸ்பேனர். இங்கேதான் நம் ஆட்களின் பலம் எதிரியாகிறது. போல்ட் போகிற இடம் அலுமினியம். இன்னும் ஒரு திருகு என்று இழுத்தால் மரை போய்விடும், கசிவு நிரந்தரமாகிவிடும். சரியான இறுக்கம் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது.

பழைய புல்லட்டில் மாட்டியதும் ஒரு சோதனை செய்யுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மேலே ராக்கர் பக்க போல்ட்டைச் சற்றே தளர்த்தினால் ஆயில் கசிந்து வரவேண்டும். வந்ததும் இறுக்கிவிடலாம். வரவில்லை என்றால் இன்ஜினை நிறுத்துங்கள், குழாயில் அடைப்போ காற்றோ இருக்கிறது. காய்ந்த ராக்கரோடு வண்டியை ஓட்டுவதைவிட ஒழுகுகிற வண்டியை ஓட்டுவது மேல்.

தட்டில் பிடித்த பழைய ஆயிலைத் தெருச் சாக்கடையில் கொட்டாதீர்கள். நம் பக்கத்து ஓடைத் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்து பூண்டி ஏரிக்குப் போகிறது. 1944இல் கட்டிய அந்த ஏரித் தண்ணீரைச் சென்னையில் குடிக்கிறார்கள். ஒரு கேனில் ஊற்றி மூடி, பட்டறையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.