மலைக்குப் போகும்போது மடியில் கொஞ்சம் சீனி

(தோட்ட மாதர் அணிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளத்தையும் வீட்டுக் காணியையும் பேசுகிற கூட்டத்தில் இன்றைக்கு இனிப்பு வில்லையைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். ஏன் பேசுகிறோம் என்பதற்கு, நம் மலையில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

போன மாதம் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவுக்குப் பத்து மணி போல கை நடுங்கியது. உடம்பெல்லாம் வியர்த்தது, பேச்சுக் குழறியது. அவர் நீரிழிவுக்குக் குளிசை போடுகிறவர். காலையில் குளிசையைப் போட்டுவிட்டு, நேரமாகிவிட்டது என்று ரொட்டி சாப்பிடாமலே மலைக்கு வந்துவிட்டார். பக்கத்து நிரையில் நின்றவர்கள் ஓடிவந்து அவருடைய போத்தலில் இருந்த தேத்தண்ணியைக் குடிக்கக் கொடுத்தார்கள். தேத்தண்ணி இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் நடுக்கம் நிற்கவில்லை. அதில் போட்டிருந்தது சீனி இல்லை, டவுனில் வாங்கிய இனிப்பு வில்லை. நல்ல காலமாக, வயதான ஒரு அம்மா தேத்தண்ணிக்குக் கடித்துக்கொள்ள முந்தானையில் சீனி முடிந்து வைத்திருந்தார். அதைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்த பிறகுதான், கால் மணி நேரத்தில் அக்கா எழுந்து உட்கார்ந்தார்.

அன்றைக்கு அந்த அம்மாவின் முந்தானை காலியாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இந்த வில்லை என்ன என்று பார்ப்போம். நாக்குக்கு இனிக்கும், ஆனால் இரத்தத்தில் சீனியாகச் சேராது. இவற்றில் பழையது சக்கரின். 1879ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு ஆய்வுகூடத்தில் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். சீனியை விட ஏறத்தாழ 300 மடங்கு இனிப்பு. அஸ்பார்ட்டேம் 200 மடங்கு, சுக்ரலோஸ் 600 மடங்கு. அதனால்தான் மிளகளவு வில்லை ஒரு கரண்டி சீனியின் வேலையைச் செய்கிறது. சீனி ஏறாது என்பது நீரிழிவுக்காரருக்கு நல்லதுதான். ஆனால் சீனி இறங்கி மயக்கம் வருகிற நேரத்தில் அதே காரணத்தால் அது உதவாது.

"இதைச் சாப்பிட்டால் புற்றுநோய் வருமாமே?" என்று பலர் கேட்கிறீர்கள். 1970களில் சக்கரின் கொடுத்த எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது. அமெரிக்காவில் பக்கற்றுகளில் எச்சரிக்கை போட்டார்கள். எலிக்கு வந்தது போல மனிதருக்கு வராது என்று தெரிந்ததும் 2000ஆம் ஆண்டு அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், அஸ்பார்ட்டேம் புற்றுநோயை உண்டாக்க இடமிருக்கலாம் என்ற பட்டியலில் அதைச் சேர்த்தது. சான்று குறைவு என்றும் சொன்னது. நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்ற பழைய அளவு மாற்றப்படவில்லை. ஒன்றிரண்டு வில்லை போடுகிறவர்கள் இதைக் கேட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நாம் கவலைப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. அதே 2023ஆம் ஆண்டு மே மாதம் அதே நிறுவனம், உடம்பு இளைப்பதற்காக இந்த இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று சொன்னது. நீண்ட காலத்தில் எடை குறைவதாகத் தெரியவில்லை. பல வருடம் பாவித்தவர்களிடம் நீரிழிவும் இருதய நோயும் கூடுதலாகக் காணப்பட்டன. வில்லைதான் காரணமா, ஏற்கெனவே நோய்க்குப் பக்கத்தில் இருந்தவர்கள்தான் வில்லைக்குப் போனார்களா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். நீரிழிவு வந்துவிட்டவர்களுக்கு அந்த ஆலோசனை பொருந்தாது. அவர்கள் கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டு நடக்க வேண்டும்.

கோளாறு என்னவென்றால், வில்லை குளிசை மாதிரி இருப்பதால் மருந்து என்று நினைத்துவிடுகிறோம். வில்லை போட்டுவிட்டோமே என்று ரொட்டியில் ஒன்று கூடச் சாப்பிடுகிறோம். கோதுமை மாவும் வயிற்றுக்குள் போய்ச் சீனியாகத்தான் மாறுகிறது. வில்லை இருக்கிறதே என்று கிளினிக்கையும் விட்டுவிடுகிறோம்.

பிள்ளைகள் விஷயத்தையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டிலிருந்து குளிர்பானப் போத்தல்களில் நிறக் குறி இருக்கிறது. 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவு என்றால் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். வகுப்பில் பிள்ளைகளைப் போத்தல் லேபலை வாசிக்கச் சொன்னோம். "பச்சை என்றால் நல்லது, டீச்சர்" என்றான் ஒரு பையன். அந்தப் பச்சை சீனியை மட்டும்தான் கணக்கெடுக்கிறது. சீனியைக் குறைத்து இனிப்புச் சரக்கைச் சேர்த்தாலும் பச்சைதான். லேபலில் 950, 951, 952, 954, 955 என்ற இலக்கங்கள் இருந்தால் அதில் செயற்கை இனிப்பு இருக்கிறது. 951 அஸ்பார்ட்டேம், 954 சக்கரின், 955 சுக்ரலோஸ். சிறு வயதிலேயே நாக்கைக் கடும் இனிப்புக்குப் பழக்கினால், பிறகு தண்ணீர் கூட ருசிக்காது. பாடசாலைக்குக் கொதித்தாறிய தண்ணீரைக் கொடுத்து அனுப்புங்கள்.

நம்மால் செய்யக்கூடியது என்ன? ஒரு நாளைக்கு ஐந்து தடவை தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் பத்துக் கரண்டி. ஆறு கரண்டிக்குள் நிற்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துப் பாருங்கள். நாக்கு பழகிவிடும். வில்லைக்குக் கொடுக்கிற காசும் மிச்சம்.

நீரிழிவுக்குக் குளிசை போடுகிறவர்கள், ஊசி போடுகிறவர்கள் சாப்பிடாமல் மலை ஏறாதீர்கள். மடியில் மூன்று கரண்டி உண்மையான சீனி முடிந்து வைத்திருங்கள். நோய் இருப்பதைப் பக்கத்து நிரைக்காரரிடம் மறைக்காதீர்கள். நடுக்கமும் வியர்வையும் வந்தால் சீனியைக் கரைத்துக் கொடுத்து, தெளிந்ததும் சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த அக்காவிடம் ஏன் மூன்று மாதமாகக் கிளினிக் போகவில்லை என்று கேட்டோம். "போனா அன்னைக்குப் பேர் இல்லையே" என்றார். நம் ஆட்கள் கிளினிக்கை விட்டு வில்லைக்குப் போவதற்குக் காரணம் அறியாமை மட்டும் இல்லை, ஒரு நாள் பேர் போய்விடும் என்ற பயமும்தான். அதனால் இரண்டு கோரிக்கைகளை இந்தக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றக் கேட்கிறோம். கிளினிக் கொப்பியைக் காட்டினால் அன்றைய பேரை வெட்டக் கூடாது. தோட்ட டிஸ்பென்சரியில் மாதம் ஒரு தடவை இரத்தத்தில் சீனி பார்க்க வேண்டும்.

கை தூக்குகிறவர்கள் தூக்குங்கள். நாளைக் காலையில் மலைக்குப் போகும்போது சீனி முடிச்சையும் மறக்காதீர்கள்.