கரையில் நடக்கும் பாடம்



அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் புன்ட்டா நோர்ட்டே என்னும் கடற்கரை உள்ளது. மார்ச், ஏப்ரல் திங்கள்களில் அங்கு நிகழும் வேட்டையை நம்மில் பலர் திரையில் கண்டிருப்போம். டேவிட் அட்டன்பரோ வழங்கிய 1990ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடர் அதனைப் பலர் அறியச் செய்தது. ஓர்கா அலையோடு பாய்ந்து கூழாங்கல் கரைமீதே ஏறி, கடற்சிங்கக் குட்டியைக் கவ்விக்கொண்டு மீள்கிறது. வகுப்பில் காட்டினால் சிறுவர்கள் முகத்தை மூடிக்கொள்வார்கள். நாமும் 'கொலைகாரத் திமிங்கலம்' என்று விளக்கிவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறோம்.

அப்பெயர் நமக்கு உவப்பாக இல்லை. ஓர்கா, ஓங்கில் எனப்படும் டால்பின் குடும்பத்திலேயே மிகப் பெரியது. அது போகட்டும். கொலைகாரன் என்னும் சொல், அவ்வுயிர் எவ்வளவு கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதை மறைத்துவிடுகிறது.

சற்று நிதானமாக நோக்குவோம். ஜனவரியை ஒட்டிப் பிறந்த குட்டிகள் மார்ச்சில் நீந்திப் பழகுகின்றன. கரையை ஒட்டிய பாறைத்திட்டுகளுக்கிடையே ஒரு வழி உண்டு. உயர் ஓதத்தின்போதுதான் ஓர்கா நுழையும் அளவுக்கு அங்கே நீர் இருக்கும். முன்னும் பின்னுமாகச் சில மணி நேரமே வேட்டைக்கு வாய்ப்பு. அதற்குள் குட்டி நீர்விளிம்புக்கு வர வேண்டும். ஓர்கா ஓசையின்றிக் காத்திருக்க வேண்டும். பல பாய்ச்சல்கள் வீணாகும். பாய்வதைக் காட்டிலும் திரும்புவதே கடினம் என்போம். பல டன் எடையுள்ள உடல் கரையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. நெளிந்து நெளிந்து, அடுத்த அலை வரும்போது அதனோடு நழுவ வேண்டும்.

உலகக் கடல்களெங்கும் ஓர்காக்கள் உண்டு. இவ்வாறு வேட்டையாடுபவை மிகச் சிலவே. வால்டெஸ் கரையில் சில குடும்பங்கள். தென் இந்தியப் பெருங்கடலின் குரோசே தீவுகளில் சில. 1985இல் வெளிவந்த வால்டெஸ் ஆய்வுக் கட்டுரை இதனை 'வேண்டுமென்றே கரையேறுதல்' என்றே குறித்தது. குரோசேயில் இரையில்லாத வேளையிலும் பெரியவையும் இளையவையும் சேர்ந்து கரையேறி இறங்குவதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். இளைய ஓர்கா யானைச் சீல் குட்டியைப் பிடிக்க முயலும்போது வளர்ந்த பெண் ஓர்கா உடனிருந்து உதவுகிறது. கரையை நோக்கித் தள்ளியும் விடுகிறது. இப்பயிற்சி பல ஆண்டுகள் நீள்கிறது.

கடற்சிங்கக் குட்டியின் முடிவை மாணவரிடம் மறைக்க வேண்டுமென நாம் கூறவில்லை. அடுத்த முறை அப்படத்தைக் காட்டும்போது, பாயும் ஓர்காவுக்குப் பின்னால் நீரில் தெரியும் மற்ற முதுகுத்துடுப்புகளையும் தேடச் சொல்லுங்கள். அவை அங்கே ஏன் நிற்கின்றன என்று மாணவர்களே தமிழில் எழுதட்டும்.