நெல்லா விற்றால் ஒன்று, பையில் கட்டினால் வேறொன்று



நம்ம கீழ்வேளூர்ப் பக்கம் மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் மாதிரி ரகங்களைப் போடுகிறவர்கள் நெல்லாக விற்பதைவிட அரிசியாக்கி, ஐந்து கிலோ பையில் பேர் அச்சடித்து விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்று இறங்குகிறார்கள். நல்லதுதான். "சொந்த வயல் நெல்லுக்கு வரி எதுக்கு சார்?" என்று கேட்கிறார்கள். நெல்லாக விற்கும்வரை உங்களுக்கு வரியும் இல்லை, பதிவும் இல்லை. அரிசியை எப்படிக் கட்டி, எங்கே விற்கிறீர்கள் என்பதில்தான் விஷயம்.

மூட்டையைப் பிரித்து நிறுத்துக் கொடுக்கிற அரிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 25 கிலோவும் அதற்குக் குறைவாகவும் பையில் அடைத்து, லேபிள் போட்டு விற்றால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம். கடைகளில் 26 கிலோ சிப்பம் வந்த ரகசியம் இதுதான்!

ஆனாலும் பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டுக்குள்ளேயே சரக்கு விற்பவருக்கு வருஷ விற்பனை 40 லட்ச ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். நம்மில் பலர் அந்தப் பக்கமே போக மாட்டோம்.

மாட்டிக்கொள்கிற இடம் காரைக்கால். நாகூரைத் தாண்டி வாஞ்சூர் வந்தாலே புதுச்சேரி எல்லை. நமக்கு அது பக்கத்து ஊர். சட்டத்துக்கு வெளி மாநிலம். வரி உள்ள பொருளை எல்லை தாண்டி அங்குள்ள கடைக்கு அனுப்பினால் 40 லட்சக் கணக்கு செல்லாது. பத்துப் பை அனுப்பினாலும் முதலில் பதிவு வேண்டும். இல்லாவிட்டால் அபராதம் 10,000 ரூபாய், அல்லது கட்டாமல் விட்ட வரி, இதில் எது அதிகமோ அது. சரக்கையும் வழியில் நிறுத்தி வைக்கலாம்.

பதிவு செய்துவிட்டால் விற்பனை இல்லாத காலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்யணும். 'ஒன்றும் விற்கவில்லையே' என்று சும்மா இருந்தால் நாளொன்றுக்கு 20 ரூபாய் ஏறும். ஆகவே காரைக்கால் கடைக்காரர் கேட்டால், 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டையாகக் கொடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். அதற்கு வரியே இல்லை.

வரி இல்லை என்பதால் மற்றவை தீர்ந்துவிடாது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் வயலில் விளைவிக்கிற விவசாயியைத் தொடாது. பை கட்டி விற்பவர் மட்டும் பதிவு செய்து, 14 இலக்க எண்ணைப் பையில் அச்சிடணும். கூடவே உங்கள் பேர், முழு விலாசம், நிகர எடை, கட்டிய மாதம், வருஷம், அதிகபட்ச விலை, கிலோ விலை, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண். ஆயிரக்கணக்கில் பை அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் இதையெல்லாம் சரிபார்த்துவிடுங்கள். அடித்த பையைத் திருத்த முடியாது. மின்னணுத் தராசுக்கு வருஷா வருஷம் தொழிலாளர் துறையில் முத்திரை வாங்கணும்.

இன்னொன்று. பையில் ஆர்டர் அதிகமானதும் பக்கத்து வயல் நெல்லையும் வாங்கி அரைப்போம். அதில் வருகிற லாபம் விவசாய வருமானம் ஆகாது, வியாபார வருமானம். வருமான வரிக் கணக்கில் சேரும். சொந்த நெல்லுக்கு ஒரு நோட்டு, வாங்கிய நெல்லுக்கு ஒரு நோட்டு என்று முதல் மூட்டையிலிருந்தே தனித்தனியாக எழுதுங்கள். அரவை மில் ரசீதையும் அந்தந்த நோட்டிலேயே ஒட்டி வையுங்கள்.