இறால் உண்ணும் வேளை



மனிதனுக்குப் பசிக்கும் வேளை உண்டு, இறாலுக்கும் உண்டு. நாம் உழைக்கும் பகற்பொழுது, அது ஒதுங்கிக் கிடக்கும் பொழுது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழ்வோர் இதனைப் பரம்பரையாக அறிவர். இருளர் மக்கள் ஆழமற்ற நீரில் இறங்கிச் சேற்றைத் தடவி, அதில் புதைந்து கிடக்கும் இறாலைக் கையாலேயே பிடிக்கின்றனர். பொழுது சாய்ந்தபின் அவ்விறால் வெளிவந்து இரை தேடுகிறது.

இதற்குக் காரணம் ஒளியே. வெளிச்சத்தில் மீனுக்கும் பறவைக்கும் இரையாகாதிருக்கவே வெள்ளை இறாலும் புலி இறாலும் மண்ணுள் மறைகின்றன. இறாலை ஆயும் தாய்மார்கள் அதன் முதுகில் ஒரு கோட்டைக் காண்பார்கள், அதுவே குடல். இரை உண்டதில் அது நிறைந்து தடித்திருக்கும், உண்ணாததில் வெறுமையாயிருக்கும். செரிமான நீர்கள் சுரப்பதும் 24 மணி நேரமும் ஒரே அளவாக இருப்பதில்லை என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கின்றனர்.

இறால் பண்ணை வைத்திருப்போர் இதைக் கருத்திற் கொள்ளவேண்டும். பண்ணைச் செலவில் பெரும்பகுதி தீவனத்திற்கே ஆகிறது. உச்சிவெயிலில் கொட்டிய தீவனம் உண்பாரின்றிக் குளத்தின் அடியில் தங்கி அழுகுகிறது. அம்மோனியா உண்டாகி நீர் கெடுகிறது. அந்நீரை ஏரியில் திறந்துவிட்டால், பாடு முறைப்படி முறை வைத்து வலை கட்டும் மீனவரின் பிழைப்பும் கெடுகிறது.

ஆகவே, புலி இறாலுக்குரிய தீவனத்தில் பெரும் பங்கை அந்தியிலும் முன்னிரவிலும் இடுவதே முறை. பின்னிரவில் எச்சரிக்கை வேண்டும். குளத்துப் பாசி பகலில் ஒளியின் உதவியால் பிராணவாயுவைத் தருகிறது. இரவில் தானே அதனை உட்கொள்கிறது. விடியுமுன் நீரில் பிராணவாயு மிகக் குறைந்திருக்குமாதலால், அவ்வேளையில் தீவனம் இடலாகாது.

2009ஆம் ஆண்டில் நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட வனாமி இறால் பகலிலும் உண்ணும். எனினும் அதற்கும் வேளை தவறாமை நன்று. தட்டில் சிறிது தீவனம் வைத்து நீரில் இறக்கி, 2 மணி நேரம் சென்று தூக்கிப் பாருங்கள். மிச்சமிருப்பின் அடுத்த வேளைக்குக் குறையுங்கள்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கும் கடமை உண்டு. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடலோரப் பண்ணைகள் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு பெறவேண்டும். உங்கள் ஊர்ப் பண்ணைகள் பதிவு பெற்றுள்ளனவா, கழிவுநீர் சுத்தம் செய்யப்படாமல் ஏரியில் கலக்கிறதா என்று கவனியுங்கள்.

வேளையறிந்து இடும் தீவனம் பண்ணையாளரின் பணத்தைக் காக்கும். ஏரியை நம்பி வாழ்வோரையும் காக்கும்.