காற்றே கைம்முதல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இவ்வாண்டு செயற்குழுவினர், "மாலை வேளைகளில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு விமானம் செய்கிறீர்களே, அது என்னவென்று எல்லாருக்கும் சொல்லுங்கள்" என்று நம்மைப் பணித்தனர். நாம் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதும் குமாஸ்தா. விமானக் கலையைக் கல்லூரியில் கற்றோமில்லை. கையால் செய்து கண்டதையும், நூல்களில் படித்துத் தெளிந்ததையுமே இங்குச் சொல்ல வந்துள்ளோம். இலக்கியம் வேண்டுவோர் மனம் வருந்த வேண்டா. வலவன் இல்லாமல் வானில் செல்லும் ஊர்தியைப் புறநானூற்றுப் புலவர் ஒருவர் கற்பனையில் கண்டார். அதைக் காட்டி, நம் முன்னோர் விமானம் செய்தனர் என்று பெருமை பேச நாம் வரவில்லை. அவர் கண்ட கனவை இன்று நம் பிள்ளைகள் கையால் செய்கிறார்கள் என்பதே நாம் கூற வந்த செய்தி.

இவ்வூர்தியின் பெயர் கிளைடர். இதற்கு எஞ்சின் இல்லை, எரிபொருள் இல்லை. தரையில் நிற்பவர் கையிலுள்ள கருவியிலிருந்து வானொலி அலை சென்று, இறக்கையிலும் வாலிலும் உள்ள மடல்களை அசைக்கும். அவ்வலை திசையைத் திருப்புமேயன்றி உயரத்தைத் தராது. அப்படியானால் உயரம் எங்கிருந்து வருகிறது? முதலில் கையின் வலிமையிலிருந்து வருகிறது. ஒன்றரை மீட்டர் இறக்கையும் கால் கிலோ எடையும் உடைய சிறு கிளைடரின் இறக்கை நுனியைப் பிடித்து, வட்டெறியும் வீரனைப் போல உடலை ஒரு சுற்றுச் சுழற்றி விட்டால், தேர்ந்த கைக்கு 50 மீட்டருக்கு மேலும் எழும். அங்கிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் வீதம் இறங்கத் தொடங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மீட்டர் உயரம் 125 வினாடியில் தீர்ந்துவிடும். இரண்டு நிமிடப் பறப்போடு ஆட்டம் முடிந்தது.

ஆனால் காற்று எங்கும் ஒரே நிலையில் இருப்பதில்லை. வெயிலில் சூடேறிய நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி மேலே எழும்புகிறது. இதனை வெப்ப ஊற்று என்று நாங்கள் அழைக்கிறோம். வினாடிக்கு ஒரு மீட்டர் வீதம் எழும்பும் ஊற்று ஒன்றில் நம் கிளைடர் புகுந்துவிட்டால், 40 சென்டிமீட்டர் இறக்கம் போக, 60 சென்டிமீட்டர் ஏற்றம் மிஞ்சும். ஒரு நிமிடத்தில் 36 மீட்டர் வரவு! மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நமக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும். உயரமே கையிருப்பு. ஒவ்வொரு திருப்பமும் ஒரு செலவு. கண்டபடி கைப்பிடியை அசைப்பவன் கையிருப்பை விரைவில் கரைத்துவிடுவான். பதறாமல், வேண்டிய அளவே அசைத்து, காற்று தருவதைப் பெற்றுக்கொள்பவன் நெடுநேரம் பறப்பான்.

அக்காற்றைக் கண்ணால் காண முடியாதே, எப்படி அறிவது என்று கேட்பீர்கள். அறிகுறிகள் உண்டு. பருந்து இறக்கையை அடிக்காமல் வட்டமிட்டு ஏறுகிறதா? அதன் கீழே ஊற்று இருக்கிறது. ஓய்ந்திருந்த காற்று திடீரென ஒரு பக்கமாக இழுக்கிறதா? அது ஓடும் திசையில் அண்மையில் ஓர் ஊற்று எழுந்திருக்கலாம். எழும்பிய காற்றின் இடத்தை நிரப்பவே சுற்றுக் காற்று அங்கு விரைகிறது. சருகு சுழல்கிறதா, புழுதி எழுகிறதா என்றும் நோக்க வேண்டும். புத்தலப்பட்டைச் சுற்றிய நம் நிலம் இதற்கு நல்ல பள்ளிக்கூடம். பாறைக் குன்றும் உழுது போட்ட செம்மண்ணும் விரைவில் சூடேறும். நீர் பாயும் கரும்புத் தோட்டம் குளிர்ந்தே இருக்கும். சூடும் குளிர்ச்சியும் சந்திக்கும் ஓரங்களில் ஊற்றுகள் எழுவதைப் பிள்ளைகள் கண்டறிந்துள்ளனர். காற்று குன்றில் மோதும் நாட்களில், அது சரிவின் மேல் ஏறும் பக்கத்தில் கிளைடரை நெடுநேரம் நிறுத்தலாம்.

புத்தலப்பட்டிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் செல்வோர் வழியில் காதங்கி என்னும் ஊரைக் கடந்திருப்பீர்கள். தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் அங்குத்தான் இருக்கிறது. 53 மெகாஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் பெரிய ரேடார் ஒன்று அங்கு 1990-களின் தொடக்கத்தில் நிறுவப்பட்டது. வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளில் 1,024 ஏரியல் கம்பங்கள் வானை நோக்கி நிற்கின்றன. அவை மேலே அனுப்பும் வானொலி அலை, காற்றின் கொந்தளிப்பில் பட்டு மிக மெல்லிய எதிரொலியாகத் திரும்புகிறது. அவ்வெதிரொலியின் அலைமாற்றத்தைக் கொண்டு, காற்று எத்திசையில், எவ்வளவு விரைவில் நகர்கிறது, மேலெழுகிறதா கீழிறங்குகிறதா என்பதை அறிஞர்கள் கணக்கிடுகின்றனர். நம் பிள்ளை பருந்தைப் பார்த்துச் செய்வதையும் அவர்கள் ரேடாரைக் கொண்டு செய்வதையும் எண்ணிப் பாருங்கள். இரண்டிற்கும் கேள்வி ஒன்றே: காற்று என்ன செய்கிறது? அக்கேள்வியைப் பத்து வயதில் கேட்கத் தொடங்கிய பிள்ளை ஒருநாள் அந்த வாயிலில் நுழையலாகாதா?

இனி, செய்யும் முறையைச் சொல்வோம். இறக்கை நீளமாகவும் குறுகலாகவும் இருக்க வேண்டும். நீண்ட இறக்கைக்குக் காற்றின் இழுவை குறைவு. ஆனால் நீளம் மிகுந்தால் எளிதில் ஒடியும்; ஒடியாமல் தடித்துச் செய்தால் எடை மிகும். இம்முரண்பாட்டைத் தீர்ப்பதே இக்கலையின் உயிர். கெட்டியான நுரைப்பலகையின் இரு முனைகளிலும் இறக்கையின் குறுக்கு வடிவத்தை அட்டையில் வெட்டி ஒட்டுவோம். மின்சாரத்தால் சூடேற்றிய நைக்ரோம் கம்பியை அட்டையின் விளிம்பையொட்டி இருவர் இழுப்பர். ஒருவர் தயங்கி நின்றால் அவ்விடத்தில் நுரை உருகிப் பள்ளமாகிவிடும். இருவர் கையும் ஒத்துப்போக வேண்டும். பிறகு கார்பன் நார்ப் பட்டையை நடுவில் பதித்து, கண்ணாடி நார்த்துணியை எப்பாக்சிப் பசையால் மேலே ஒட்டி, பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி விடுவோம். வெளிக்காற்றின் அழுத்தமே அதனை எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும். காற்றை உறிஞ்சுவதற்குப் பழைய குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரெசர் போதும்.

எல்லாம் முடிந்தபின் எடை நடுநிலையைப் பார்க்க வேண்டும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் விரல்களை வைத்துத் தாங்கினால், ஊர்தி தராசு முள்ளைப் போல நேரே நிற்க வேண்டும். வால் கனத்தால் அடங்காது. மூக்கு கனத்தால் சோம்பி விழும். இன்னொரு நுட்பமும் உண்டு. கார்பன் நார் வானொலி அலையை மறைக்கும். ஆதலின் அலை வாங்கும் கருவியின் ஏரியலை வெளியே விட வேண்டும், அல்லது மூக்குப் பகுதியைக் கண்ணாடி நாரால் செய்ய வேண்டும். இதை மறந்தால் ஊர்தி நம் சொல் கேளாது.

இத்துறையில் முன்னோடிகள் பலர் உண்டு. 1937-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர், வானொலியால் இயங்கும் 'கஃப்' என்ற மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டனர். ஒருவர் விமானம் செய்தார்; மற்றவர் வானொலிக் கருவி செய்தார். அவ்விமானம் இன்று அந்நாட்டின் தேசிய விமான, விண்வெளிக் காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் மார்க் டிரேலா, சிறு கிளைடர்களுக்கேற்ற மெல்லிய இறக்கை வடிவங்களை வகுத்து, வீட்டில் செய்வோர் யாவரும் பயன்படுத்துமாறு வரைபடங்களையும் வழங்கினார். 2021-இல் கலிபோர்னியாவில் ஸ்பென்சர் லிசன்பி என்பவர், மலை முகட்டின் இருபுறக் காற்று வேறுபாட்டை மட்டும் கொண்டு, எஞ்சினற்ற மாதிரி கிளைடரை மணிக்கு 880 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செலுத்தினார். கடலில் ஆல்பட்ராஸ் பறவை செய்யும் தந்திரமே அது.

நம் நாட்டிலும் பெருமைக்குக் குறைவில்லை. ஆள் ஏறிப் பறக்கும் கிளைடர்களைச் சிவில் விமானத் துறையின் டெல்லித் தொழில்நுட்ப நிலையம் உருவாக்கியது. 1958-இல் பறந்த அசுவினியையும், 1961-இல் பறந்த ரோகிணியையும் வடிவமைத்தவர் எஸ். இராமாமிர்தம் அவர்கள். இரண்டும் மரத்தால் ஆனவை. ரோகிணியில் ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கமாக அமர்ந்து பயில்வர். அந்நிலையத்தின் கிளைடர்களுக்கு இட்ட பெயர்களை வரிசைப்படுத்திச் சொன்னால் நம் பாட்டிமார்க்கு மகிழ்ச்சி உண்டாகும்: அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை. விண்மீன்களையே ஏணிப்படியாக வைத்துப் பெயரிட்டிருக்கின்றனர்!

இதைவிட அண்மைச் செய்தி ஒன்றும் உண்டு. இன்று திருப்பதி மாவட்டத்தில் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2016 மே 23-ஆம் நாள், இறக்கையுள்ள ஓர் ஊர்தியை ராக்கெட் ஒன்று மேலே ஏற்றிச் சென்றது. 65 கிலோமீட்டர் உயரம் எட்டிய பின், தனக்கென எஞ்சின் இல்லாத அவ்வூர்தி, ஒலியைப் போல் ஐந்து மடங்கு வேகத்தில் தன்னைத் தானே நடத்திக்கொண்டு வங்கக் கடலில் இறங்கியது. அதன் வழிவந்த 'புஷ்பக்', 2023-லும் 2024-லும் கர்நாடகத்துச் சித்ரதுர்கா அருகே ஹெலிகாப்டரிலிருந்து விடப்பட்டு, ஓடுபாதையில் தானாகவே வந்திறங்கியது. எஞ்சின் இல்லாத ஊர்திக்கு இரண்டாம் முயற்சி கிடையாது. முதல் முறையே சரியாக இறங்க வேண்டும். உலகப் போட்டிகளில் பறந்த நேரத்திற்கு மட்டுமன்றி, குறித்த புள்ளியில் இறங்குவதற்கும் மதிப்பெண் வைத்திருப்பது இதனால்தான்.

ஆபத்துகளை மறைத்துப் பேசுதல் முறையன்று. ரயில் குடியிருப்பில் வாழும் நாம் முதலில் நினைக்க வேண்டியது இருப்புப் பாதையின் மேலுள்ள 25,000 வோல்ட் மின்கம்பியை. கார்பன் நார் மின்சாரத்தைக் கடத்தும். ஆதலின் பாதைக்கு அருகில் பறக்கவிடுதல் அறவே கூடாது. கம்பியில் சிக்கிய ஊர்தியை எடுக்க எவரும் முயலலாகாது. லித்தியம் மின்கலத்தை ஆள் இல்லாத இடத்தில் மின்னேற்றம் செய்தல் ஆகாது. ஆளில்லா வானூர்திகளுக்கு 2021-ஆம் ஆண்டின் விதிகள் உண்டு. அவற்றின்படி வானம் பச்சை, மஞ்சள், சிவப்பு என மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சை மண்டலத்திலும் எல்லை 120 மீட்டரே. ரேணிகுண்டாவில் விமான நிலையம் உள்ளதால், திருப்பதிப் பக்கம் செல்வோர் அரசின் வரைபடத்தைப் பார்க்காமல் ஊர்தியைக் கையில் எடுக்கவே கூடாது.

பெற்றோர் சிலர், "இது படிப்பைக் கெடுக்கும் விளையாட்டு" என்று அஞ்சுவதை நாம் அறிவோம். அவ்வச்சத்தை இகழ மாட்டோம். ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணில் குடும்பத்தின் எதிர்காலமே தொங்கும் வீடுகள் நம்முடையவை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பின்னத்தில் தடுமாறிய பிள்ளை, இறக்கையின் மூன்றில் ஒரு பங்கைத் தானே அளந்து கோடு போடுகிறான். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயின்று, ஆண்டு விழா நாளில் மட்டும் தமிழ் பேசிய பிள்ளைகள், வேலை நடக்கும்போது தமிழில் வழக்காடுகிறார்கள். குறுக்குச் சட்டத்திற்கு 'விலா' என்றும், கார்பன் பட்டைக்கு 'முதுகுத்தண்டு' என்றும், வால் மடலுக்குச் 'சுக்கான்' என்றும் அவர்களே பெயர் வைத்தார்கள். நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. மொழி மேடையில் மட்டும் வாழாது. கை வேலை செய்யும் இடத்தில்தான் வேர் பிடிக்கும். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு இதைவிடப் பெரிய கவலை வேறென்ன?

செயற்குழுவினர் அடுத்த கூட்டத்தில் ஒரு முடிவு எடுக்க இருக்கின்றனர். மன்றத்தின் பின்னறையைச் சரக்கு வைக்க வாடகைக்கு விடுவதா, பிள்ளைகளின் பட்டறைக்குத் தருவதா என்பதே கேள்வி. வாடகைப் பணம் சங்கத்திற்குத் தேவை என்பதை மறுக்கவில்லை. ஆகவே முழு அறையையும் கேட்கவில்லை. வாரத்தில் இரு மாலைகளும், ஒரு நீண்ட மேசையும், பூட்டுள்ள அலமாரி ஒன்றும் போதும். வெளிநாட்டில் அச்சில் வார்த்து விற்கும் ஊர்தி நம் போன்றோரின் சில மாதச் சம்பளத்தை விழுங்கும். அது நமக்கு வேண்டா. நுரைப்பலகையில் செய்து கையால் எறியும் சிறு கிளைடரே முதற்பாடம்; வானொலிக் கருவி பிறகு வரட்டும். பெற்றோர்களே, தேர்வு மாதங்களில் பட்டறைக் கதவைப் பூட்டும் பொறுப்பை நாமே ஏற்கிறோம். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். கம்பி இழுப்பதில் அவர்கள் கையே நிதானமானது.

எஞ்சின் இல்லாத ஊர்தி, தான் இருக்கும் இடத்துக் காற்றை நன்கு அறிந்தே உயர்கிறது. அவ்வறிவை நம் பிள்ளைகளுக்குத் தர ஒரு மேசை கேட்கிறோம். செயற்குழுவினர் மனம் இரங்க வேண்டுகிறோம்.