வரமா, வாய்ப்பா?

(நாமக்கல் வட்டாரக் கிராமமொன்றில் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று சர்க்கார் நடத்தும் பரீட்சைகளைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் காலேஜில் படித்தவனல்ல. ஆகையால் நான் சொல்வதை விசாரித்துப் பார்த்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிள்ளை கெட்டிக்காரனாக இருந்தால் நம்மவர்கள் "கடவுள் கொடுத்த வரம்" என்கிறார்கள். இல்லாவிட்டால் "தலையெழுத்து" என்கிறார்கள். இந்த ஊரில் இதற்கு அத்தாட்சியும் வைத்திருக்கிறார்கள். 1887-ல் ஈரோட்டில் பிறந்த கணித மேதை ராமானுஜத்துக்கு நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தாளாம்! அவரே அப்படித்தான் நம்பினார். ஆனால் நடந்தது என்ன?

1903-ல் அவர் கைக்குக் கார் என்ற லண்டன் உபாத்தியாயர், பரீட்சைக்குப் படிப்பவர்களுக்காக எழுதிய கணிதப் புத்தகம் கிடைத்தது. அதிலிருந்து தானாகவே கற்றார். கும்பகோணம் காலேஜில் இங்கிலீஷில் தவறி உபகாரச் சம்பளத்தை இழந்தார், எஃப்.ஏ. தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். 1913-ல் ஹார்டி என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியர் அவர் கடிதத்தைப் படித்து மதித்தார். அவ்வருஷமே சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் கொடுத்தது. புத்தகம், பணம், மதிக்கும் மனிதர் ஆகிய மூன்றும் அல்லவா அவரை வெளியே கொண்டுவந்தன! இந்தப் பக்கத்தில் ஆடு மேய்த்தவர்களிலும் தறி நெய்தவர்களிலும் எத்தனை ராமானுஜங்கள் இருந்தார்களோ? அவர்கள் கனவில் தாயார் வராதது குறையல்ல; கையில் புத்தகம் வராததே குறை.

இப்பொழுது என்ன வழி இருக்கிறது என்று பாருங்கள். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் திறன் படிப்புதவித் தேர்வு, 2008-ல் ஏற்பட்டது. சர்க்கார் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கே உரியது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. தேர்ந்தெடுக்கப்பட்டு, மேல்வகுப்பிலும் நன்றாகப் படித்துவந்தால் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய்; நான்கு வருஷத்துக்கு 48,000. தமிழ்நாட்டுக்கு 6,695 இடம்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. ஜில்லாவுக்கு 50 ஆண், 50 பெண். பெண்ணுக்குச் சரிபாதி வைத்தது மெச்சத்தக்கது. ஆனால் தொகையோ வருஷத்துக்கு 1,000 ரூபாய். நாளைக்கு மூன்று ரூபாய்கூட இல்லை. இந்த முட்டை ஜில்லாவிலேயே ஒரு முட்டைக்குக் காணாது! இதை உயர்த்தும்படி நாம் கேட்க வேண்டும். 2023-ல் தொடங்கிய முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு 1,000 பேருக்கு, பட்டப்படிப்பு முடியும் வரை வருஷம் 10,000 ரூபாய் என்று ஏற்படுத்தப்பட்டது.

மார்க்குக்கு அப்பாற்பட்டதும் ஒன்று உண்டு. 1993-ல் தொடங்கிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சங்கதியையே ஆராய்ந்து சொல்ல வேண்டும். மழைக்காகக் கழுதைக்குக் கலியாணம் செய்கிற ஊரில், நான்கு பிள்ளைகள் கயிறு விட்டுக் கிணறுகளின் நீர்மட்டத்தை மாதாமாதம் அளந்து எழுதினால் அதுவல்லவா படிப்பு?

மற்றொரு பக்கத்தையும் பாருங்கள். 1963-ல் தொடங்கிய தேசியத் திறனறித் தேர்வு 2021-க்குப் பிறகு நின்று போயிற்று. ஊர்த்தேர் ஒரு வருஷம் நின்றால் பஞ்சாயத்துக் கூட்டுகிறோமே, இதற்கு நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்?

இந்தப் பக்கத்தில் காசுள்ளவர்கள் லட்சக்கணக்கில் கொட்டி விடுதிப் பள்ளிகளில் சேர்க்கிறார்கள். லாரிப் பட்டறைக்காரர் மகனுக்கும் கோழிப்பண்ணைக் கூலிக்காரி மகளுக்கும் பரீட்சை உண்டென்ற சேதியே எட்டுவதில்லை. விண்ணப்பம் பள்ளிக்கூடத்தின் மூலம்தான் போக வேண்டும். ஆகையால் நீங்களே தலைமையாசிரியரிடம் போய்க் கேளுங்கள். வருமானச் சான்றிதழைக் கடைசி நாள் வரை வைத்திராமல் முன்கூட்டியே வாங்குங்கள். ஜாதகம் பார்க்கும் காசில் பழைய கேள்வித்தாள்களை வாங்கி, ஊர்ப் படிப்பகத்தில் வைத்து, எல்லாப் பிள்ளைகளையும் பழக்குங்கள். "பெண்ணுக்கு எதற்கு?" என்று கேட்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. இடங்கள் கொஞ்சம், பிள்ளைகள் அநேகம். தேறாத பிள்ளையை முட்டாளென்று திட்டாதீர்கள். எஃப்.ஏ. தேறாதவர்தான் ராமானுஜம்! பரீட்சை ஒரு கதவுதான். கதவு போதாவிட்டால் இன்னும் கதவு வைக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டுமே தவிர, பிள்ளையின் மேல் பழி போடுவது நியாயமாகாது என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.